பல் போகும் வயது என்று ஒன்று இல்லை

என் மாமியாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. அடை என்றால் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர், கொஞ்ச நாளாகவே குழைந்த சாதத்தில் ரசத்தை ஊற்றிக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். வயதானால் பசி குறையும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. ஒரு நாள் அவரைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து, அதன் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி நின்றது. அது உரசிய இடத்தில், நாக்கின் ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்குப் புண்.

“ஏன் அத்தை, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“இந்த வயசுல பல்லுக்குப் போய் என்னத்துக்கும்மா செலவு? எப்படியும் விழத்தானே போகுது.”

பல் மருத்துவர் அந்த விளிம்பை மழமழவென்று தேய்த்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வர வேண்டும், அதற்குள் புண் ஆறாவிட்டால் சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். புண் ஆறிவிட்டது. மூன்றாவது வாரம், “அடைக்கு ஊறப்போடேன்” என்று அத்தையே கேட்டார்.

எப்படியும் விழத்தானே போகிறது என்ற அந்த ஒரு நினைப்புதான் நம் வீட்டுப் பெரியவர்களின் பல்லைப் பறிக்கிறது. தலை நரைப்பதுபோல் பல் விழுவதும் இயற்கை என்று நம்புகிறோம். அது உண்மையில்லை. பல் விழுவது சொத்தையாலும் ஈறு நோயாலும்தான், வயதால் அல்ல. ஜப்பானில் 1989-இல் ‘8020’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். எண்பது வயதிலும் இருபது சொந்தப் பற்கள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. முழு வரிசை முப்பத்திரண்டு என்றாலும், இருபது இருந்தால் ஏறக்குறைய எல்லா உணவையும் மென்று தின்னலாம் என்பது கணக்கு. தொடங்கிய காலத்தில் அந்த வயதில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பற்கள் இல்லை. 2016-இல் எடுத்த கணக்கில் பாதிப் பேருக்கு மேல் இருந்தன. எண்பது வயது அப்போதும் எண்பதுதான்; பராமரிப்புதான் மாறியது.

வயதானபின் வாயில் நடப்பது

மூன்று மாற்றங்களைப் புரிந்துகொண்டால் இந்த அத்தியாயத்தில் மீதி எல்லாம் எளிது.

முதலாவது, ஈறு கீழிறங்குகிறது. பல்லின் மேற்பகுதியைப் போர்த்தியிருக்கும் எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். வேருக்கு அந்தக் கவசம் கிடையாது. ஈறு இறங்கியதும் வேர் வெளியே தெரிகிறது. எனாமலை ஒன்றும் செய்ய முடியாத லேசான புளிப்புகூட வேரைக் கரைத்துவிடும். இளம் வயதில் சொத்தை பெரும்பாலும் மெல்லும் பரப்பிலும் பல்லிடுக்கிலும் வரும். முதுமையில் அது ஈறு ஓரத்தில், வேரில் பிடிக்கிறது. பல்லைச் சுற்றிலும் அரித்து, ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது அடியோடு முறிந்துவிடுகிறது.

இரண்டாவது, வாய் உலர்கிறது. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, வலி குறைகிறது. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் அறை வயதாக ஆகச் சுருங்கிவிடும். அதனால் பெரிய சொத்தைகூட வலிக்காமல் வளரலாம். ‘வலி இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை’ என்ற கணக்கு அறுபதுக்கு மேல் செல்லாது.

இரவில் தேய்ப்பதே முக்கியம்

காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் காபி குடிக்காத வீடு நம்முடையது. நல்ல பழக்கம்தான். ஆனால், ஒரே ஒருவேளைதான் தேய்க்க முடியும் என்றால், படுக்கப்போகும் முன் தேய்ப்பதைத்தான் விடக் கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பல்லில் ஒட்டியிருக்கும் சாதத்தையும் பாலையும் கழுவிவிட வாயில் எதுவும் இல்லாத நேரம் அது. கிருமிகளுக்கு இரவு முழுக்க விருந்து. இரவில் தேய்த்தபின் தண்ணீர் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. சர்க்கரை போட்ட பாலும் சேர்த்தி.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். அட்டையில் ‘சாஃப்ட்’ என்று போட்டிருக்கும். பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக அசைத்து, இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். ரம்பம் அறுப்பதுபோல் குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு ஓரத்தில் பல் ஆப்பு வெட்டியதுபோல் தேய்ந்து, கூச்சம் வரும். செங்கல்பொடி, கரித்தூள், மணல்போல் நெறநெறக்கும் பல்பொடி ஆகியவையும் அதைத்தான் செய்யும். வேப்பங்குச்சியில் பழகியவர்களை மாற்றச் சொல்லவில்லை. நுனியை நன்றாக மென்று பூப்போல் ஆக்கி, மெதுவாகத் தேய்க்கட்டும். ஆனால், குச்சியில் ஃபுளோரைடு இல்லை. வேர் வெளியே தெரியும் பல்லுக்கு ஃபுளோரைடு அவசியம். ஆகவே, காலையில் குச்சி என்றால் இரவில் பேஸ்ட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பேஸ்ட் உறையில் ஃபுளோரைடு அளவு பிபிஎம் என்ற கணக்கில் இருக்கும். 1000 முதல் 1500 வரை இருந்தால் சரி. பட்டாணி அளவு போதும். தேய்த்தபின் நுரையைத் துப்பிவிடுங்கள். செம்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். பல்லில் கொஞ்சம் மருந்து தங்க வேண்டும். சொத்தை அதிகம் வருகிறவர்களுக்கு ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பேஸ்ட்டைப் பல் மருத்துவர் எழுதித்தருவார்.

வயதில் பற்களுக்கு நடுவே சந்து விழும். கீரையும் இறைச்சி நாரும் அங்கேதான் மாட்டும். ஊக்கு, தென்னங்குச்சி, தீக்குச்சி எதையும் அதில் விடாதீர்கள். பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி மாதிரி, பல்லிடுக்குக்கென்றே பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கிறது. சந்துக்கு ஏற்ற அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்கி, நாளுக்கு ஒருமுறை இரவில் விட்டு எடுத்தால் போதும்.

விரல் மூட்டு வீங்கியவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் பிரஷின் ஒல்லிக் காம்பு கையில் நிற்காது. குழந்தைகள் விளையாடும் ரப்பர் பந்தில் துளைபோட்டுக் காம்பைச் செருகலாம். சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டலாம். கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாலும் பிடிக்க வசதியாகிவிடும். பேட்டரி பிரஷ் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

வாய் உலர்ந்தால்

ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. வாயைக் கழுவுவது, புளிப்பை முறிப்பது, கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவது, கிருமியை அடக்குவது எல்லாம் அதன் வேலை. அது குறைந்தால் பல் சில மாதங்களிலேயே வரிசையாகச் சொத்தையாகலாம்.

முதியவர்களின் வாய் உலரப் பெரும்பாலும் காரணம் அவர்கள் விழுங்கும் மாத்திரைகள். ரத்த அழுத்த மருந்துகளில் சில, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தருபவை, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கானவை, அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்துபவை என்று பட்டியல் நீளம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வாய் உலரும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, “இது சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வாய் காய்கிறது” என்று சொல்லுங்கள். அளவையோ வேளையையோ மருந்தையோ அவர் மாற்றக்கூடும்.

வாய் உலர்வதைப் பெரியவர்கள் நேராகச் சொல்வதில்லை. சாதம் தொண்டையில் இறங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் கேட்பார்கள். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். காரம் பட்டால் எரிகிறது என்பார்கள். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிப்பார்கள். இந்த அடையாளங்களை வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்து வாய்வாயாகக் குடிக்கச் சொல்லுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் வாயை நனைத்துத் துப்பினாலே ஆறுதலாக இருக்கும். பல் உறுதியாக உள்ளவர்கள் சர்க்கரையில்லாச் சூயிங்கம் மெல்லலாம், எச்சில் ஊறும். எச்சிலுக்கு மாற்றாகத் தடவும் ஜெல்லும் மருந்துக்கடையில் உண்டு. வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள்.

வாய் காய்கிறதே என்று பெரியவர்கள் தலையணை அடியில் ஆரஞ்சு மிட்டாயோ கல்கண்டோ வைத்துக்கொண்டு சப்புவார்கள். பல்லுக்கு இதைவிடக் கேடு இல்லை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைப் பாதிக்கிறது. சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் ஒரு தாக்குதல். ஒரு மிட்டாயை மணிக்கொரு தரம் சப்பினால் நாள் முழுக்கத் தாக்குதல். ஐந்து வேளை சர்க்கரைக் காபியும் அப்படித்தான். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் என்றாலும் பல் கிருமிக்கு எல்லாம் ஒன்றே. பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலை உருண்டை என்று மாற்றாதீர்கள். வறுத்த கடலையாகவே பொடித்துக் கொடுங்கள்.

ஈறில் ரத்தம்

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தில் தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். ரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு சேர்ந்திருக்கிறது. அங்கே இன்னும் கவனமாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். நீரிழிவு உள்ளவருக்குக் கண்ணையும் காலையும் சோதிப்பதுபோல் வாயையும் சோதிக்க வேண்டும்.

இரண்டு பயங்களை இங்கே போக்கிவிடுகிறேன். கருவி வைத்துப் பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது ஒன்று. பல்லைச் சுற்றிப் பாறைபோல் படிந்த காரை, ஏற்கெனவே ஆடும் பல்லைத் தாங்கிப் பிடித்ததுபோல் இருந்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. ஆட்டத்துக்குக் காரணமே அந்தக் காரைதான். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது இன்னொன்று. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் வைத்த பல்லை வருடக்கணக்கில் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இன்றும் உண்டு.

பல் மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப்போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இதய வால்வு அறுவை, புற்றுநோய்க் கதிர்வீச்சு ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எலும்பு அடர்த்திக் குறைவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். அப்படி ஒரு மருந்தைத் தொடங்கும் முன்பே பல் வைத்தியத்தை முடித்துக்கொள்வது நல்லது.

வெற்றிலைப் பெட்டி

பல் இல்லாதவர்களும் சிறு உரலில் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெட்டியோடு பெரியவர்களுக்கு இருக்கும் ஒட்டுறவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்குத் தாம்பூலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. பாக்கு தனியாகவே குற்றவாளி. கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகி, வாய் திறப்பது குறுகிக்கொண்டே போவதும் பாக்கால்தான். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட முடியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் பிடுங்க முடியாமல் போகலாம். முதலில் புகையிலை, பிறகு பாக்கு, எல்லாவற்றுக்கும் முன்பு இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவது என்று ஒவ்வொன்றாக விடச் செய்யுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800112356.

பல் செட் கட்டியவர்களுக்கு

பல் செட் கட்டியதும் பல் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இரவில் கழற்றியே ஆக வேண்டும். ராப்பகலாக மாட்டியிருந்தால் அதன் அடியில் ஈறு சிவந்து, பூஞ்சை பிடிக்கும். கழற்றிய செட்டைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைக்கக் கூடாது, உலர்ந்தால் கோணிவிடும். மூடியுள்ள கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், அதுவும் கோணச் செய்யும்.

கழுவும்போதுதான் நிறைய செட் உடைகிறது. வாஷ்பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பியோ, ஒரு துண்டை மடித்துப் போட்டோ அதன்மேல் வைத்துக் கழுவினால், கை நழுவினாலும் உடையாது. மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பேஸ்ட் போட்டால் கீறல் விழுந்து, அந்தக் கீறலில் அழுக்கு சேரும். ஈறு, நாக்கு, மேலண்ணம் ஆகியவற்றை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும்.

பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் கரையும். அதனால் நன்றாகப் பொருந்திய செட்டும் சில வருடத்தில் தளரும். தளர்ந்ததை அரம் வைத்து ராவுவதும், உடைந்ததை வீட்டுப் பசை போட்டு ஒட்டுவதும் புண்ணில் முடியும். மருத்துவரிடம் கொடுத்தால் உட்புறத்தை நிரப்பிச் சரிசெய்துதருவார். ஒரு பல்கூட இல்லாதவரும் வருடம் ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும். ஈறும் நாக்கும் கன்னமும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

படுக்கையில் இருப்பவருக்கு

வாயில் சேரும் கிருமி எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். ஜப்பானில் பதினொரு முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் ஆய்வு செய்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே வந்தது. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதுபோல் வாய் துடைப்பதும் உயிர் காக்கும் வேலை.

தலையணை வைத்துத் தலையை உயர்த்துங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பிரஷை நனைத்து உதறி, பேஸ்ட்டைப் பூசினாற்போல் மட்டும் தொட்டு, மெதுவாகத் தேய்த்து, நுரையைத் துணியால் ஒற்றி எடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள். உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மறதி நோய் உள்ளவர் பின்னாலிருந்து வரும் கைக்கு மிரளுவார். அவர் எதிரே உட்கார்ந்து, முதலில் உங்கள் பல்லைத் தேய்த்துக் காட்டி, பிறகு பிரஷை அவர் கையில் கொடுத்து, அந்தக் கையை நீங்கள் பிடித்து நடத்துங்கள்.

மாதம் ஒருமுறை டார்ச்

பெரியவரை வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். பல் செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இந்த வரிசையில் பாருங்கள்:

1. உதட்டின் உட்புறம், பிறகு இரு கன்னத்தின் உட்புறம்.
2. ஈறு முழுக்க, மேலும் கீழும்.
3. நாக்கை நீட்டச் சொல்லி மேற்புறம்; துணியால் நுனியைப் பிடித்து இரண்டு ஓரங்களும்.
4. நாக்கை மேலே தூக்கச் சொல்லி அதன் அடிப்பகுதி.
5. மேலண்ணம்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி, கழுத்தில் நெறி, திடீரென ஆடும் பல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்த வாரமே பல் மருத்துவரிடம் போக வேண்டும். இவை வலிக்காமல் இருக்கலாம். வலிக்காததே கூடுதல் கவலை. பணம் ஒரு தடையென்றால், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். நொறுக்கப் பல் வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் பல் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். செலவுக்கு அஞ்சுவார், உங்களுக்குத் தொந்தரவு என்று நினைப்பார். ஆகவே, அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.